கடல் கடந்த மருத்துவத் தொண்டும் நம் கடமையும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் நிகழ்த்திய உரை)

 

சங்கத்தின் வரவு செலவையும், தேர்ச்சி பெற்ற மாணவர் தொகையையும், புதிய கட்டடத்தின் தேவையையும் நேற்றைய அமர்வில் செயலாளர் விரிவாக எடுத்துரைத்தார். இன்று நமக்கு இடப்பட்ட பொருள் வேறு. மருத்துவக் கல்வி பெற்றவர்கள் தம் திறமையை எடுத்துக்கொண்டு அயல்நாடு சென்று, எச்.ஐ.வி. கிருமியால் துன்புறும் மக்களுக்குத் தொண்டாற்றுவதைப் பற்றியது அது. உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் சங்கத்தின் விழாவில் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருள் நம் வாசற்படிக்கே வந்து நம்மைச் சோதித்தது என்பதையும், அச்சோதனையில் நாம் முதலில் தோற்றோம் என்பதையும் சொல்லத்தான் இம்மேடைக்கு வந்துள்ளோம்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து

நம் முன்னோர் இக்கரையிலிருந்து கடல் கடந்தது எவ்வாறு என்பதை மறத்தலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி வைத்தார்கள். காலராவும் அம்மையும் அவர்களோடு கப்பலேறிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். நோயற்றவர் என்று முத்திரை பெற்ற பின்னரே அவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். அவ்வாறு சென்றவருள் ஒடுக்கப்பட்ட மக்கள் மிகப் பலர். நோயைச் சுமந்து வருபவர் என்ற ஐயத்தோடுதான் உலகம் நம்மை முதலில் நோக்கியது.

அதற்கு முன்னரே கடல் கடந்து இங்கு வந்தவரும் உண்டு. இம்மாவட்டத்தின் நாசரேத்தில் 1870-ஆம் ஆண்டளவில் டாக்டர் ஸ்ட்ரேச்சன் என்னும் மருத்துவர் தொடங்கிய மருத்துவப் பணியே பின்னர்ப் புனித லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் பின்னர்ப் பர்மாவுக்குச் சென்றார், இரங்கூனில் பேராயரானார். அவர் சென்றபின்னும் மருத்துவமனை நின்றது. வந்த மருத்துவர் எவ்வளவு பெரியவர் என்பதைக் காட்டிலும், அவர் சென்றபின் என்ன நின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி. இவ்வுரையின் சாரமும் அக்கேள்வியே.

நோய் வந்த கதை

1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவி டாக்டர் நிர்மலா அவர்களும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி புகுந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து மாணவி நிர்மலா தாமே சென்று இரத்த மாதிரிகளைப் பெற்றார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அவற்றுள் ஆறு கிருமித் தொற்றைக் காட்டின. டாக்டர் சுனிதி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பணியும் பயிற்சியும் பெற்றுத் தாயகம் திரும்பியவர். அயல்நாட்டில் பெற்ற அறிவு இங்கு வந்து பயன்பட்டமைக்கு அவர் சான்று. 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தை நிறுவி, 2015-இல் மறையும்வரை நோயாளரைக் கைவிடாது பணி செய்தார்.

அந்நாளில் அச்சம் நோயைவிட விரைவாகப் பரவியது. நோயாளியின் படுக்கையருகே செல்ல அஞ்சியவர் உண்டு. உணவுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளியவர் உண்டு. இறந்தவரின் உடலைத் தூக்க உறவினரே மறுத்தபோது யாரை அழைத்தார்கள்? பிணவறையிலும் துப்புரவுப் பணியிலும் இருந்த நம்மவரையே அழைத்தார்கள். ஊரார் தொட அஞ்சியதைக் கையுறையும் இன்றித் தொட்டது நம் கை. அதற்கு நன்றி சொன்னவரில்லை. தீட்டு என்ற பெயரே மேலும் ஒட்டியது.

இக்கிருமி தொடுதலால் பரவுவதன்று. சேர்ந்து உண்பதாலும், ஒரே குடத்து நீரைப் பருகுவதாலும் பரவுவதன்று. உடலுறவாலும், சோதிக்கப்படாத இரத்தத்தாலும், தூய்மையற்ற ஊசியாலும், கருவுற்ற தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. குடத்து நீரைத் தொட்டால் தீட்டு என்ற பொய்யை எதிர்த்து 1927-இல் மகாத் குளத்தில் இறங்கி நீர் பருகிய அண்ணல் அம்பேத்கரின் வழி நிற்கும் நமக்கு, இந்த இரண்டாவது பொய்யை அடையாளம் காண்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். அது அவ்வளவு எளிதாக இல்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

தமிழகத்தில் இந்நோயாளருக்கு முதற்புகலாக நின்றது தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து என்னும் தமிழர் இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திப் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1928-இல் அதைத் தொடங்கினார். பின்னர் அது அரசு மருத்துவமனையாயிற்று. காசநோயாளர்க்கென எழுந்த அம்மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் ஏற்றது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. 2004 ஏப்ரல் முதல் நாள் மைய அரசு நாடெங்கும் எட்டு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தாம்பரம் அவற்றுள் ஒன்றாயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஐ-டெக் என்னும் அமைப்பு அப்பத்தாண்டில் தாம்பரத்தோடு இணைந்து மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி அளித்தது. பிற நாட்டார் இங்கு வந்து கற்பித்தார்கள். நம்மவர் கற்றுத் தாமே நடத்தலாயினர். இன்று நம் மாவட்டத்தார் மருந்துக்காகத் தாம்பரம்வரை இரயிலேற வேண்டியதில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து மையம் இயங்குகிறது.

மலாவி காட்டிய வழி

இனி, அயல்நாட்டுத் தொண்டின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்போம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத சிறு நாடு மலாவி. 1964-இல் விடுதலை பெற்றது. 2004-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் வயது வந்தோருள் எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் எச்.ஐ.வி. பரவியிருந்தது. மருத்துவரோ, ஒரு லட்சம் மக்களுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர். படித்த செவிலியர் பலர் கூடுதல் ஊதியம் நாடி இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். நோயினால் இறந்த செவிலியரும் பலர். மருந்து வந்தாலும் கொடுக்கக் கை இல்லை என்பதே அங்கு நிலை.

மருந்து வந்த வழியிலும் நமக்குப் பங்குண்டு. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முடியும் என்று 2001 பிப்ரவரியில் அறிவித்தது மும்பையின் சிப்லா நிறுவனம். மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கியதும் அதுவே. மலாவி அரசு 2004-இல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது பெரும்பாலான நோயாளர் காலையும் மாலையும் விழுங்கியது இந்தியாவில் செய்த மாத்திரையைத்தான்.

அதே ஆண்டு மலாவி அரசு நலத்துறைப் பணியாளருக்கென அவசரத் திட்டம் ஒன்றை வகுத்தது. உள்நாட்டுப் பணியாளர் நாட்டை விட்டுச் செல்லாதிருக்க அவர்தம் ஊதியத்தை நூற்றுக்கு 52 விழுக்காடு உயர்த்துதல். செவிலியர் பள்ளிகளையும் மருத்துவக் கல்லூரியையும் விரிவாக்குதல். அவ்வாறு பயின்றவர் வெளிவரும்வரை இடைக்காலத்துக்கு அயல்நாட்டுத் தன்னார்வ மருத்துவரையும் செவிலிய ஆசிரியரையும் அமர்த்துதல் ஆகியவை அதன் முதன்மையான கூறுகள். பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பும், ஐக்கிய நாடுகளின் தன்னார்வத் தொண்டர் அமைப்பும் அவர்களை அனுப்பின. வி.எஸ்.ஓ. அமைப்பு 1958-இல் தோன்றியபோது பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரையே வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நல்ல மனம் மட்டும் போதாது, கைத்தொழில் தேர்ச்சியும் வேண்டும் என்று உணர்ந்து, பின்னாளில் தேர்ச்சி பெற்றவரையே அனுப்பலாயிற்று.

இத்திட்டத்தில் தன்னார்வலர் பெற்ற இடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அவர்கள் கட்டடத்தின் தூண்களாக நிறுத்தப்படவில்லை. தூண் எழும்பும்வரை கூரையைத் தாங்கும் முட்டுக்கால்களாகவே நின்றனர். 2004-இல் 5,453 ஆக இருந்த அந்நாட்டு நலத்துறைத் தேர்ச்சியாளர் தொகை 2009-இல் 8,369 ஆக உயர்ந்தது. சிகிச்சையைத் தொடங்கும் பொறுப்பு, மருத்துவப் பட்டம் பெறாத மருத்துவ அலுவலரிடத்தும் செவிலியரிடத்தும் ஒப்படைக்கப்பட்டது. 2011-இல் மலாவி ஒருபடி மேலே சென்றது. கிருமி உள்ள கருவுற்ற தாயர் அனைவருக்கும், வேறு சோதனைக்குக் காத்திராமல், வாழ்நாள் முழுமைக்கும் மருந்து என்று உத்தரவிட்டது. தடுப்பு ஏதுமின்றேல் நூறு தாயருள் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேரின் குழந்தைகளுக்குத் தொற்று வரும். முறையான மருந்தினால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். மலாவியின் இம்முறையை 2013-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. 2014-இல் இந்தியாவும் ஏற்றது. உதவி பெறச் சென்ற நாடு உலகுக்கே ஆசிரியனாயிற்று.

இந்நோயின் தன்மையே இத்தகைய தொண்டை வேண்டி நிற்பது. கண் மருத்துவர் ஒருவர் பத்து நாள் முகாமிட்டு நூறு பேருக்குக் கண்புரை நீக்கித் திரும்பிவிடலாம். அந்நூறு பேருக்கும் பார்வை நிலைக்கும். எச்.ஐ.வி. அப்படியன்று. நோயாளி நாள் தவறாது வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். தவறாது உண்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது; அந்நிலையில் உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவுவதும் இல்லை. தவறினால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகிறது. ஆதலின் இங்கு வேண்டுவது இடைவிடாத ஒழுங்கு. யார் இத்திங்கள் வரவில்லை என்று காட்டும் பதிவேடும், மருந்து தீருமுன் எழுதும் வேண்டுகைச் சீட்டும், ஒவ்வொரு நோயாளியிடமும் இருமலையும் காய்ச்சலையும் கேட்டுக் காசநோயைக் கண்டுபிடிக்கும் பழக்கமும், கடிந்து பேசாத நாவும் வேண்டும். இரண்டாண்டில் திரும்பிவிடும் தொண்டர் இவற்றைத் தாமே செய்துவிட்டு வந்தால் அவரோடு எல்லாம் முடிந்துபோம். உள்ளூர்ச் செவிலியர் செய்யுமாறு பழக்கிவிட்டு வந்தாலோ, அவர் பெயர் மறந்தாலும் பணி நிற்கும்.

இவ்வழியில் நமக்கு முன்னோடிகளும் உளர். 1938-இல் சீனம் சென்ற ஐந்து இந்திய மருத்துவருள் ஒருவரான சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் போர்முனையில் அறுவை மருத்துவம் செய்ததோடு நில்லாது, சீன மாணவருக்கு அதைக் கற்பித்தார். 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவருக்கும் முன்னர் நம் நாட்டிலேயே சாவித்திரிபாய் புலே அம்மையார், 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவரான தம் வளர்ப்பு மகனோடு சேர்ந்து நோயாளரைக் காத்தார். நோயுற்ற மகார்ச் சிறுவனைத் தாமே சுமந்து வந்ததால் அந்நோய்க்கே இரையானார். பெண்களுக்கும் தீண்டப்படாதோருக்கும் பள்ளி திறந்த அவர், நோயாளிக்குத் தோளும் கொடுத்தார். நம் தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். கல்வியும் மருத்துவமும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தில் தொடக்கம் முதலே உடன் பிறந்தவை.

நம் விடுதியில் நடந்தது

இதுவரை சொன்னவை நூல்களில் உள்ளவை. இனிச் சொல்வது நம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இடம்பெறாதது.

2013-ஆம் ஆண்டு சூன் திங்களில், பெற்றோர் இருவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த சிறுவன் ஒருவனை அவனுடைய பாட்டி நம் விடுதிக்கு அழைத்து வந்தார். உப்பு அள்ளி அள்ளிக் காய்ந்து வெடித்த கைகள் அவருடையவை. சிறுவனுக்கும் கிருமி உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அன்றே இடம் கிடைத்திருக்கும். நிர்வாகக் குழு கூடியது. பிற பெற்றோர் என்ன சொல்வார்கள், சமையற்கட்டில் யார் இருப்பார்கள், விளையாட்டில் அடிபட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் பேசினோம். முடிவில், "இவ்வாண்டு இடமில்லை" என்று சொல்லி அனுப்பினோம். "யாரையும் ஒண்ணும் செய்யமாட்டான்யா எம்பேரன்" என்று அந்த மூதாட்டி வாசலில் நின்று சொன்னது நம் காதில் விழுந்தது. நாம் உள்ளே சென்றுவிட்டோம். "இடமில்லை" என்ற அச்சொல்லை நம் பாட்டனாரும் தந்தையாரும் பள்ளிக்கூட வாசலில் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும் இடத்தில் நாம் நின்றோம்.

இரண்டு திங்கள் கழித்து, நம் விடுதியில் பயின்று செவிலியர் பட்டம் பெற்ற மகள் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தார். தாயும் தந்தையும் உப்பளக் கூலிகள். முதலில் வளைகுடா நாட்டில் நல்ல ஊதியத்துக்குப் பணி செய்து, தம்பியைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனை அடைத்தார். அதன்பின் மலாவியில் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுத் தன்னார்வப் பணியை ஏற்றார். உணவுக்கும் உறையுளுக்கும் போதுமான படியே அதில் உண்டு. மாணவரிடையே அவர் பேச வேண்டுமென்று கேட்டோம். தரையில் அமர்ந்து பேசினார்.

சென்ற புதிதில் தாம் எல்லாவற்றையும் செய்ய முனைந்ததாகவும், ஒரு நாளைக்கு அறுபது நோயாளரைத் தாமே பார்த்துக் களைத்துப் போனதாகவும் சொன்னார். மூத்த உள்ளூர்ச் செவிலியர் ஒருவர், "நீ போனபின் இந்த அறுபது பேரையும் யார் பார்ப்பார்?" என்று அமைதியாகக் கேட்டாராம். அன்று முதல் அவர் நோயாளரைத் தனியே பார்ப்பதை விட்டு, இளம் செவிலியரோடு சேர்ந்தே பார்த்தார். மழை நனைத்த பதிவேட்டைப் புதிதாக எழுதி, வராதவர் பட்டியலை வெள்ளிதோறும் எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். குதிகாலில் துளி இரத்தம் எடுத்துத் தாளில் உலர்த்திக் குழந்தையின் தொற்றைச் சோதிக்கும் முறையை நான்கு பேருக்குக் கற்பித்தார். அவர் கற்றதும் உண்டு. நோயாளிகளே மற்ற நோயாளிக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறும் முறையை அங்குதான் கண்டாராம். நோயாளியோடு வந்த உறவினர் மருத்துவமனை முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைக் கண்டபோது நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்ததென்றார். அங்கே நன்றி சொல்லுவோர் இரு கைகளையும் குவித்துத் தட்டி "ஸிக்கோமோ" என்பராம். அதை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பேச்சு முடிந்தபின் நிர்வாகக் குழுவினர் சிறுவனைப் பற்றித் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, எனக்கு இந்த விடுதியில் இடம் கொடுத்தபோது என் வீட்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லையே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காப்பாளரையும் சமையற்காரரையும் அமர்த்தி, எதனால் பரவும், எதனால் பரவாது, காயம்பட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கையுறை அணிந்து மருந்திடுவது எப்படி என்று இரண்டு மணி நேரம் கற்பித்தார். பிறகு பாட்டியின் வீட்டுக்கு நம்மையும் உடனழைத்துச் சென்றார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அம்மூதாட்டி தேநீர் கொடுத்தார்.

அச்சிறுவன் நம் விடுதியில் தங்கிப் படித்தான். இன்று அவர் எங்கே, என்ன செய்கிறார் என்று கேட்கும் ஆவல் உங்களுக்கு எழுவது இயல்பு. சொல்லமாட்டோம். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், கல்வியிலும் வேலையிலும் அவரை ஒதுக்குவதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது அவருடைய உரிமை. மலாவியில் பெற்ற பட்டறிவு ஒரு விடுமுறையில் வந்து தூத்துக்குடியில் ஒரு கதவைத் திறந்தது என்பதை மட்டும் சொல்லுவோம்.

வெட்டியும் தொண்டும்

இவ்விடத்தில் இளைஞர் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, நியாயமான கேள்வி. "தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி வெட்டி வேலை செய்தவர் நம் முன்னோர். இன்று ஒரு பெண் படித்துச் செவிலியராகி நாலு காசு காணும் வேளையில், அவளிடமும் ஊதியமின்றித் தொண்டு செய் என்று கேட்பது முறையா?" என்கின்றனர்.

முறையன்று என்பதே நம் விடை. வற்புறுத்திப் பெறுவது வெட்டி; விரும்பித் தருவது தொண்டு. நம் சங்கத்தில் படித்தவர் இத்தனை ஆண்டு தொண்டு செய்தே தீர வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கும் யோசனையை நாம் ஏற்கவில்லை. வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ ஊதியத்துக்குச் செல்லும் மகளைக் குறை கூறவும் நமக்கு உரிமையில்லை. அவர் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் ஓலை போய் ஓடு ஏறியது. மலாவி சென்ற மகளும் முதலில் கடனை அடைத்துவிட்டுத்தானே தொண்டுக்குப் போனார்? மலாவி அரசும் முதலில் தன் செவிலியரின் ஊதியத்தை உயர்த்திவிட்டே பிறர் தொண்டை நாடியது. உரிய ஊதியம் தராத இடத்தில் தொண்டைப் புகழ்வது ஏமாற்று.

ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. ஏழை நாட்டில் பயின்ற செவிலியரைச் செல்வ நாடுகள் இழுத்துக்கொள்வதால் ஏழை நாட்டு வார்டுகள் வெறுமையாகின்றன. இதை உணர்ந்தே 2010-இல் உலக நலவாழ்வு நிறுவனம், பணியாளர் பஞ்சமுள்ள நாடுகளிலிருந்து ஆள் திரட்டுவதைத் தவிர்க்குமாறு நெறிமுறை வகுத்தது. அப்படி வெறுமையான வார்டு ஒன்றில் நம் மகள் போய் நின்றார். செல்வ நாட்டார் ஏழைக்கு இரங்கிச் செய்த உதவியாக அதை நாம் காணவில்லை. தீண்டாமையை அறிந்தவர், தீண்டாமைக்கு ஆளானவரின் அருகே போய் நின்றதாகவே காண்கிறோம். நோயாளி கை நீட்டத் தயங்குவது ஏன் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் பணமும் நிலையானதன்று. 2025 சனவரியில் அமெரிக்க அரசு அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. மையங்கள் தடுமாறின, அப்பணத்தில் ஊதியம் பெற்றோர் பலர் வேலையிழந்தனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். மூன்று கோடிக்கு மேற்பட்டோர் மருந்து உண்கின்றனர். ஒரு தலைநகரில் இட்ட கையெழுத்தால் இவர்களுள் பலருடைய மாத்திரை நின்றுபோகக்கூடும் என்றால், ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாவட்டமும் தன் கையைத் தானே பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதில் ஐயமென்ன?

நாம் செய்ய வேண்டுவன

ஆதலின் வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, செவிலியர், ஆய்வுக்கூட நுட்புநர், மருந்தாளுநர் படிப்புகளுக்குச் செல்லும் நம் மாணவ மாணவியருக்கெனத் தனி உதவி நிதி தொடங்க வேண்டும். மருத்துவர் பட்டம் ஒன்றே மருத்துவக் கல்வி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மலாவியில் நோயைத் தாங்கிப் பிடித்தோர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர் என்பதைக் கண்டோம். நிதி பெறுவோர் மீது எக்கட்டாயமும் கூடாது.

இரண்டாவது, அயல்நாடு செல்லுமுன் அயலகம் செல்லுவோம். இம்மாவட்டத்தில் நம்பிக்கை மையங்களுக்கும் கூட்டு மருந்து மையத்துக்கும் தனியே செல்லத் துணிவில்லாதோர் இன்றும் உளர். உடன் செல்வதற்கும், வீட்டில் பேசுவதற்கும், பயிற்சி பெற்ற நம் பட்டதாரிகள் திங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். பயிற்சி பெற்ற என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறோம். இரக்கம் மட்டும் கொண்டு சென்று இரகசியத்தை ஊரில் உளறுவோர் செல்லாதிருத்தலே தொண்டு.

மூன்றாவது, கடல் கடந்து பணி செய்யும் நம் பிள்ளைகளுக்கு. நீங்கள் எந்நாட்டில் ஊதியம் பெற்றாலும், விடுமுறைக்கு வரும்போது ஒரு வார காலம் விடுதிக்கு வந்து நீங்கள் கற்றதை இளையோருக்குக் கற்பியுங்கள். கடன் தீர்ந்து, கடமை குறைந்து, மனம் விரும்பும் காலம் வந்தால், ஈராண்டு ஓர் ஏழை நாட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு உங்களுக்குப் பின் யார் செய்வார் என்ற கேள்வியோடு முதல் நாளே பணி தொடங்குங்கள்.

முத்துக் குளித்த காலத்தில் இக்கடலில் மூழ்கியவரின் உயிர், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருந்தவர் கையில் இருந்தது. முத்தெடுத்தவரைப் பற்றி ஊர் பேசிற்று. கயிறு பிடித்தவரைப் பற்றிப் பேசுவாரில்லை. நம் பிள்ளைகள் எக்கடலில் மூழ்கினாலும் மேலே கயிற்றைப் பிடித்திருப்பது இச்சங்கத்தின் வேலை. இருபத்தைந்து ஆண்டுகளாக அரிக்கேன் விளக்கு வெளிச்சத்திலும், ஓலைக் கொட்டகையிலும், பிறகு இக்கட்டடத்திலும் நாம் செய்து வந்தது அதுவே.

விடுதியில் இடமில்லை என்ற சொல்லை இனி எக்குழந்தையிடமும் சொல்வதில்லை என்று, அன்று நிர்வாகக் குழுவில் இருந்தோர் அனைவர் சார்பிலும் இவ்வவையின் முன் உறுதி கூறுகின்றோம். அவ்வுறுதியைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதுமாறு அவைத் தலைவரை வேண்டுகின்றோம்.